பறக்கும் செங்கல்

மோட்டார்ச் சைக்கிள் என்றவுடன் மனக்கண்முன் தோன்றும் உருவம் ஒன்று உண்டு. இரு சில்லுகளுக்கு நடுவே, இரும்புச் சட்டத்தின் மடியில் நிமிர்ந்து நிற்கும் சிலிண்டர் எனப்படும் உருளை. அதனைச் சுற்றி, காற்றிலே சூடாறுவதற்கென அடுக்கடுக்காய் அமைந்த தகடுகள். பின் சில்லுக்கு வலுவைக் கொண்டு செல்லும் சங்கிலி. இவ்வுருவத்தைப் பழகிய கண், 1983ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனம் வெளியிட்ட கே 100 என்னும் வண்டியை முதன்முறை காணும்போது சற்றுத் திகைக்கும். நிமிர்ந்து நிற்கும் உருளை அங்கே இல்லை. தகடுகளும் இல்லை, சங்கிலியும் இல்லை. செங்கல்லை நீளவாட்டிற் கிடத்தினாற் போன்ற ஓர் அலுமினியப் பெட்டி மாத்திரமே சட்டத்தின் கீழே தொங்குகின்றது. இதுபற்றியே ஐரோப்பியர் இவ்வண்டிக்குப் 'பறக்கும் செங்கல்' என்று பட்டப்பெயர் சூட்டினர்.

அப்பெயரிலே கேலியும் உண்டு, பாராட்டும் உண்டு. வெளிவந்து நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் இவ்வண்டிகளிற் பல நெடுந்தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வேறு பல, இன்னும் ஓடத்தக்க எஞ்சினைத் தாங்கியவாறே, கொட்டில்களில் தூசி படிந்து கிடக்கின்றன. இவ்விரு நிலைகளுக்குமிடையேயுள்ள வேற்றுமை பெரும்பாலும் உடையவர் தமது வண்டியின் அமைப்பை அறிந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்தது. ஏனெனில் இவ்வண்டியின் குணம் விசித்திரமானது. அஞ்ச வேண்டாத இடத்திலே அது பெரும் அச்சம் காட்டும்; அஞ்ச வேண்டிய இடத்திலோ வாய் திறவாது. ஆதலின் அதன் பராமரிப்பைப் பேசுமுன், அது எவ்வாறு அமைந்தது, ஏன் அவ்வாறு அமைந்தது என்பவற்றை நோக்குதல் அவசியமாகும்.

பி.எம்.டபிள்யூ நிறுவனம் தன் முதலாவது மோட்டார்ச் சைக்கிளை 1923ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆர் 32 எனப்பட்ட அவ்வண்டியை வகுத்தவர் மாக்ஸ் பிரிட்ஸ் என்னும் பொறியியலாளர். அவர் இரண்டு உருளைகளை வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக, இரு கைகளை விரித்தாற் போல, கிடையாக நீட்டி வைத்தார். ஓடும் வண்டியின் இரு பக்கத்துக் காற்றும் அவற்றை ஒரே அளவாகக் குளிர்வித்தது. எஞ்சின் உற்பத்தி செய்யும் வலுவைப் பின் சில்லுக்குக் கொண்டு செல்லச் சங்கிலிக்குப் பதிலாக உருக்குத் தண்டொன்றை அமைத்தார். சங்கிலி நீளும், அழுக்கேறும், அறுந்தும் போகும். தண்டுக்கு இக்குறைகள் இல்லை. நெடும்பயணம் செய்வோர் இவ்வண்டியை விரும்பினர். அடுத்த அறுபது ஆண்டுகளாக இவ்வமைப்பே அந்நிறுவனத்தின் அடையாளமாக விளங்கிற்று.

ஆனால் 1969ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. யப்பானின் ஹொண்டா நிறுவனம், நான்கு உருளைகளைக் குறுக்கே வரிசையாக நிறுத்திய சி.பி. 750 என்னும் வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அது வேகமானது, அதிர்வு குறைந்தது, விலையும் தாங்கக்கூடியது. பிற யப்பானிய நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. இரண்டு உருளைகளைக் கொண்ட ஜேர்மன் வண்டி பழைய காலத்துப் பொருளாகத் தோன்றலாயிற்று. அன்றியும், இரைச்சலையும் புகையையும் கட்டுப்படுத்தும் சட்டங்கள் பல நாடுகளிற் கடுமையாயின. காற்றினாற் குளிரும் பெரிய உருளைகளைக் கொண்டு அச்சட்டங்களுக்கு அமைவது எளிதன்று. 1970களின் இறுதியில் அந்நிறுவனத்தின் மோட்டார்ச் சைக்கிள் விற்பனை தளர்ந்தது. புதியதோர் எஞ்சின் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

யப்பானியரைப் பின்பற்றி நான்கு உருளைகளைக் குறுக்கே நிறுத்துவது ஒரு வழி. ஆனால் அத்துறையில் முன்னேறிவிட்டவர்களை அவர்கள் வழியிலேயே சென்று வெல்வது அரிது. வேறொரு தடையும் இருந்தது. குறுக்கே வைத்த எஞ்சினின் கிராங்குத் தண்டு வண்டியின் அகலவாட்டிற் சுழல்கின்றது. பின் சில்லை நோக்கிச் செல்லும் தண்டோ நீளவாட்டிற் சுழல வேண்டும். ஆகவே சுழற்சியின் திசையை ஒருமுறை முன்னேயும், மீண்டும் ஒருமுறை சில்லின் அருகேயும் திருப்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பற்சக்கரங்கள் தேவை, ஒவ்வொன்றிலும் வலு சிறிது வீணாகும், பாரமும் ஏறும்.

இச்சிக்கலுக்கு யோசெப் பிரிட்சென்வெங்கர் என்னும் பொறியியலாளர் புதியதொரு விடை கண்டார். நான்கு உருளைகளை வரிசையாகக் கொண்ட எஞ்சினை எடுத்து, பக்கவாட்டிலே சாய்த்துப் படுக்க வைத்து, அதனை வண்டியின் நீளவாட்டிற் பொருத்தினால் என்ன என்று அவர் சிந்தித்தார். முதற் பரிசோதனைக்குப் பிரான்சு நாட்டு பேஜோ 104 என்னும் சிறிய காரின் எஞ்சினே பயன்பட்டது. அது அலுமினியத்தால் ஆனது, நீரினாற் குளிர்வது, காரிலும் பெரிதும் சாய்ந்தே இருப்பது. பரிசோதனை நம்பிக்கையளித்தது. அதன்பின் ஸ்ரெபான் பாகெர்னெக் என்பவரின் தலைமையில் முழு வண்டியும் உருவாக்கப்பட்டு, பேர்லினின் ஸ்பாண்டவ் பகுதியிலுள்ள தொழிற்சாலையிலே தயாரிக்கப்பட்டது.

அந்த எஞ்சினின் கிடையை நேயர்கள் மனத்திற் படமாக்கிக் கொள்ளுதல் நன்று. வண்டியில் அமர்ந்திருப்பவரின் வலது காலின் அருகே கிராங்குத் தண்டு முன்னிருந்து பின்னாக நீண்டு கிடக்கின்றது. அங்கிருந்து நான்கு உருளைகள் இடப்புறமாகப் படுத்திருக்கின்றன. இடது காலின் அருகே வால்வுகளும், அவற்றைத் திறக்கும் இரண்டு காம் தண்டுகளும், தீப்பொறி தரும் பிளக்குகளும் உள்ளன. நான்கு உருளைகளின் மொத்தக் கொள்ளளவு 987 கன சென்ரிமீற்றர். வலு, நிமிடத்துக்கு 8000 சுற்றில் 90 குதிரைவலு. எஞ்சினைத் தொடர்ந்து கிளச்சு, அதனைத் தொடர்ந்து கியர்ப் பெட்டி, அதனைத் தொடர்ந்து பின் சில்லுக்குச் செல்லும் தண்டு என யாவும் முன்னிருந்து பின்னாக அணிவகுத்துள்ளன. சுழற்சி ஒரேயொரு முறை, சில்லின் அருகே மாத்திரம் திரும்புகின்றது.

இவ்வமைப்பினால் விளையும் நன்மைகள் மூன்று. முதலாவது, பாரமான பகுதி தரைக்கு அண்மையில் இருப்பதால், 239 கிலோ நிறையுள்ள வண்டியும் ஓடும்போது எளிதில் வளைந்து கொடுக்கின்றது. இரண்டாவது, வலு நேரிய வழியிற் செல்கின்றது. மூன்றாவது நன்மையே பராமரிப்போருக்கு முக்கியமானது. இடப்புற மூடியைக் கழற்றினால் வால்வுகள் தெரியும். வலப்புற மூடியைக் கழற்றினால் கிராங்குத் தண்டு தெரியும். ஏனைய நாலுருளை வண்டிகளில் எஞ்சினையே சட்டத்திலிருந்து இறக்கிச் செய்ய வேண்டிய வேலைகள் சில, இதிலே வண்டியை நிறுத்திய இடத்திலேயே, பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டமர்ந்து செய்யத்தக்கவை. பழுது பார்ப்பவனின் கைகளை நினைவிற் கொண்டு வகுக்கப்பட்ட எஞ்சின் இது எனலாம்.

நீளவாட்டிற் சுழலும் தண்டுக்குரிய குறை ஒன்று உண்டு. நின்ற இடத்தில் எஞ்சினை முடுக்கினால் வண்டி ஒரு பக்கமாகச் சரிய எத்தனிக்கும். எந்தப் பொருளையும் ஒரு திசையிற் சுழற்றினால் அதைத் தாங்குவது எதிர்த்திசையில் உந்தப்படும் என்னும் பௌதிக விதியே இதற்குக் காரணம். பழைய ஈருருளை வண்டிகளை ஓட்டியோர் இவ்வுலுக்கலை நன்கறிவர். கே 100இல் கிராங்குத் தண்டின் கீழே இரண்டாவது தண்டொன்று எதிர்த்திசையிற் சுழலுமாறு பற்சக்கரத்தாற் பிணைக்கப்பட்டுள்ளது. கிளச்சும் மின்னாக்கியும் அவ்வெதிர்த்திசையிலேயே சுழல்கின்றன. ஒன்றின் உந்தலை மற்றொன்று தணிக்கின்றது. வண்டி பெரும்பாலும் அசையாது நிற்கின்றது.

எரிபொருளை ஊட்டும் முறையும் அக்கால மோட்டார்ச் சைக்கிள்களிற் பரவலாகக் காணப்படாததே. காபுரேற்றருக்குப் பதிலாக, பொஷ் நிறுவனத்தின் மின்னணு முறை பொருத்தப்பட்டது. உட்செல்லும் காற்று ஒரு சிறு கதவைத் தள்ளித் திறந்துகொண்டு செல்கின்றது. கதவு எவ்வளவு திறந்தது என்பதை ஆசனத்தின் கீழுள்ள சிறிய கணினி அறிந்து, அவ்வளவு காற்றுக்குப் போதிய பெற்றோலை மாத்திரம் பீச்சுமாறு கட்டளையிடுகின்றது. காற்று யாவும் அக்கதவு வழியாகவே செல்லும் என்பதே கணினியின் நம்பிக்கை. இந்நம்பிக்கை பொய்க்கும்போது நேர்வது யாது என்பது பின்னர் விளங்கும்.

பின் சில்லை ஒற்றைக் கரம் ஒன்றே வலப்புறத்தில் தாங்குகின்றது. தண்டு அக்கரத்தினுள்ளே மறைந்து செல்கின்றது. காரின் சில்லைப் போல நான்கு போல்ற்றுகளைக் கழற்றினால் சில்லு கையோடு வந்துவிடும். தனிவழியில் ரயர் பழுதுற்றவருக்கு இது பேருதவியாகும். 1984ஆம் ஆண்டில், மழையையும் காற்றையும் தடுக்கும் அகன்ற முன்மறைப்போடு கூடிய ஆர்.ரி. என்னும் வகை நெடும்பயணிகளுக்காக வந்தது. பல நாட்டுக் காவற்றுறையினரும் அதனை விரும்பி வாங்கினர். 1985இல், அதே அமைப்பில் மூன்று உருளைகளும் 740 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் உடைய கே 75 வெளிவந்தது. 1988இல், சடுதியாகப் பிறேக்கை அழுத்தினாலும் சில்லு இறுகி வழுக்காதபடி காக்கும் சாதனம், விற்பனைக்கு வந்த மோட்டார்ச் சைக்கிள்களுள் முதன்முதலாகக் கே 100இலேயே இடம்பெற்றது. ஏறத்தாழ 11 கிலோ நிறை கொண்ட அச்சாதனம் எத்தனையோ உயிர்களைக் காத்த ஒரு வழக்கத்துக்குத் தொடக்கமாயிற்று.

குறைகளையும் கூறாது விடலாகாது. நடுத்தர வேகத்தில் கைப்பிடியிலும் கால்மிதியிலும் ஒரு சிறு நடுக்கம் உண்டாகின்றது. கே 75இல் அந்த இரண்டாந் தண்டிலேயே சமநிலைப் பாரங்கள் சேர்க்கப்பட்டதால் அது இதனினும் அமைதியாக ஓடுகின்றது. முன்மறைப்புள்ள வகைகளில் றேடியேற்றரின் சூடு ஓட்டுபவரின் கால்களைத் தாக்குகின்றது. வெயிற் காலத்தில் பெற்றோல் தாங்கியும் சுடுகின்றது. இவை பொறுக்கத்தக்கவை. பொறுக்கவியலாதவை பராமரிப்பின்மையால் வருபவையே.

இனிப் பராமரிப்பைக் கவனிப்போம். முதலில் அச்சம் காட்டும் இடம். மாலையில் நன்றாக ஓடிவந்த வண்டியைப் பக்க ஸ்ராண்டிற் சாய்த்து நிறுத்திவிட்டு, மறுநாட் காலையில் எஞ்சினை இயக்கும் புதிய உரிமையாளர், பின்னாலிருந்து பெரும் புகைமண்டலம் எழுவதைக் கண்டு நடுங்குவார். பிஸ்டன்கள் தேய்ந்துவிட்டன, எஞ்சின் முடிந்துவிட்டது என்று எண்ணுவார். அவ்வெண்ணத்தைப் பயன்படுத்தி எஞ்சினைப் பிரித்துப் பணம் பறிப்பாரும் இருக்கலாம். உண்மையோ மிக எளிது. வண்டி இடப்புறம் சாய்கின்றது. உருளைகளின் தலைப்பகுதியும் இடப்புறத்திலேயே உள்ளது. எஞ்சினில் எஞ்சியிருந்த எண்ணெய், பிஸ்டன் வளையங்களின் இடைவெளி வழியே மெல்லக் கசிந்து, எரியறைக்குள் இறங்கிவிடுகின்றது. காலையில் அது எரிந்து புகையாகின்றது. சில நிமிடங்களில் புகை தானே அடங்கிவிடும். வண்டியை நடு ஸ்ராண்டில் நிமிர்த்தி நிறுத்துவதே இதற்கு மருந்து. நிமிர்த்திய பின்னரும், எஞ்சின் சூடேறிய பின்னரும் புகை தொடருமாயின் அப்பொழுதே கவலைப்படவேண்டும்.

எண்ணெயின் அளவை அறிய, வலப்புறத்தின் அடியிலே கண்ணாடி வட்டம் ஒன்று உண்டு. வண்டியை நிமிர்த்தி வைத்து, எண்ணெய் இறங்கச் சிறிது நேரம் விட்டு, பின்னரே அதனைப் பார்க்க வேண்டும். சாய்ந்த நிலையிற் பார்த்து எண்ணெய் குறைந்துவிட்டதென்று மேலும் ஊற்றுவோர், மேற்கூறிய புகையைத் தாமே பெருக்கிக் கொள்கின்றனர்.

வால்வுகளின் இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். காற்றை உள்ளே விடும் வால்வுக்கு 0.15 முதல் 0.20 மில்லிமீற்றர், புகையை வெளியே விடும் வால்வுக்கு 0.25 முதல் 0.30 மில்லிமீற்றர். இடைவெளி மாறியிருப்பின், வால்வின் மேலே அமர்ந்திருக்கும் சிறு உருக்கு வில்லையை எடுத்து, தடிப்பு வேறான மற்றொன்றை இடுதல் வேண்டும். இடைவெளி பெருகினால் தட்டும் ஓசை கேட்கும். குறுகினாலோ ஓசை எதுவும் இராது. எனினும் வால்வு முற்றாக மூடாமையால் அதன் விளிம்பு கருகும். ஓசை கேட்பதில்லையென்று மகிழ்ந்திருப்பது இங்கே தவறாகும்.

எஞ்சினின் முன்பக்கத்தில், எண்ணெயைச் சுற்றவிடும் பம்பியும் நீரைச் சுற்றவிடும் பம்பியும் ஒரே கூட்டில், ஒரே தண்டில் அமைந்துள்ளன. எண்ணெய் நீருடன் கலவாதிருக்க இரண்டு அடைப்பு வளையங்கள் அத்தண்டில் உண்டு. அவற்றினிடையே வெளிப்புறமாக ஒரு சிறு துவாரம் விடப்பட்டுள்ளது. அது பழுதன்று, வேண்டுமென்றே அமைத்தது. நீரின் பக்கத்து வளையம் தேய்ந்தால் துவாரத்திலிருந்து குளிர்நீர் சொட்டும். எண்ணெயின் பக்கத்து வளையம் தேய்ந்தால் எண்ணெய் சொட்டும். சொட்டுவதை விரலால் தொட்டுப் பார்ப்பவருக்குப் பழுது எதுவென்பது உடனே புலனாகும். கசிவை நிறுத்துவதாக எண்ணி அத்துவாரத்தைப் பசையிட்டு அடைப்பது, காவல் நாயின் வாயைக் கட்டுவதற்கு ஒப்பாகும். பின்னர் நீரும் எண்ணெயும் உள்ளே கலக்கும்; எஞ்சினின் தாங்கிகள் அரிபடும்.

அடுத்து இறப்பர்ப் பொருள்கள். நாற்பது வயதான வண்டியில் உருக்கிலும் பார்க்க இறப்பரே முதலில் மூப்படைகின்றது. எஞ்சினின் உள்ளே எழும் ஆவியைக் காற்றுக் குழாய்க்குக் கொண்டு செல்லும் குறுகிய வளைந்த குழாயொன்று உண்டு. அதில் வெடிப்பு ஏற்படின், முற்கூறிய கதவு வழியே செல்லாத காற்று களவாக உள்ளே புகுந்துவிடும். கணினி அதனை அறியாது. அறியாத காற்றுக்குப் பெற்றோலும் கொடாது. எஞ்சின் நின்ற நிலையிலே தடுமாறும், முடுக்கும்போது திணறும். மின்கருவிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பெருஞ்செலவு செய்தும் நோய் தீராதவர்கள், இறுதியில் மலிவான ஓர் இறப்பர்க் குழாயை மாற்றிக் குணங்காண்பதுண்டு. பெற்றோல் பம்பி தாங்கியினுள்ளே இருக்கின்றது. அதனை அணைத்துப் பிடிக்கும் இறப்பர் உறை, காலத்தாலும் மதுசாரம் கலந்த பெற்றோலாலும் கரைந்து, கரிய களியாகி, வடியை அடைத்துவிடும். தாங்கியின் மூடியைத் திறந்து விளக்கொளியில் உள்ளே நோக்குவது ஒரு நிமிட வேலையே.

இப்பொழுது வண்டி வாய் திறவாத இடத்துக்கு வருவோம். கிளச்சின் நடுவே உள்ள தட்டு, கியர்ப் பெட்டியிலிருந்து முன்னே நீளும் தண்டின்மேல் ஏறி அமர்ந்துள்ளது. தண்டின் நுனியைச் சுற்றி நீளவாட்டிற் பற்கள் வெட்டப்பட்டுள்ளன. தட்டின் நடுத்துளையிலும் அவற்றுக்கு இயைந்த பற்கள் உண்டு. கிளச்சை ஒவ்வொரு முறை அழுத்தி விடும்போதும் தட்டு அப்பற்களின்மேல் முன்னும் பின்னும் மயிரிழையளவு வழுகுகின்றது. பின் சில்லுக்குச் செல்லும் தண்டின் முனைகளிலும் இத்தகைய பற்களே உள்ளன. எஞ்சினின் முழு வலுவும் இப்பற்களின் வழியாகவே செல்கின்றது. அவற்றுக்கு எண்ணெய் சென்று சேர வழியில்லை. எப்போதோ ஒருமுறை கையாற் பூசப்பட்ட கிறீஸ் படலமே அவற்றின் ஒரே காப்பு.

அப்படலம் உலர்ந்தபின் உருக்கு உருக்கோடு உராய்கின்றது. செந்நிறத் தூளாகப் பற்கள் உதிர்கின்றன. வெளியே ஓசை இல்லை, சொட்டு இல்லை, புகை இல்லை. கியர் மாற்றும்போது சிறிது இறுக்கம் தோன்றலாம். அதனையும் பலர் பொருட்படுத்துவதில்லை. பின்னர் ஒரு நாள், ஊருக்கு வெகு தொலைவில், எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருக்கவே, கியரும் விழுந்திருக்கவே, வண்டி அசைய மறுத்துவிடும். பற்கள் முற்றாக வழித்தெடுக்கப்பட்டுவிட்டன. தொண்ணூறு குதிரைவலுவும் வெறுமனே சுழலும். அச்சாணி இல்லாத் தேர் முச்சாணும் ஓடாது என்னும் பழமொழியின் பொருளை அவ்விடத்திற் காணலாம். வேகமாகச் செல்கையில் இது நேர்ந்தால், பின்னால் வரும் வாகனத்துக்கு முன்னே வண்டி திடீரென வலுவிழந்து தளரும் அபாயமும் உண்டு.

பரிகாரம் அறிவை வேண்டுவதினும் பொறுமையையே வேண்டுவது. பின் சில்லையும், அதன் பற்சக்கரக் கூட்டையும், தாங்கும் கரத்தையும் கழற்றி, கியர்ப் பெட்டியைப் பின்னோக்கி இழுத்தெடுக்க வேண்டும். பழகியவருக்கு அது ஒரு நாள் வேலை. பழைய கிறீஸையும் செந்தூளையும் துடைத்துவிட்டு, மொலிப்டினம் கலந்த கிறீஸை மெல்லிய படலமாகப் பூசுதல் வேண்டும். நிறையப் பூசினால் நல்லதென்று எண்ணலாகாது. மிகுதி, சுழற்சியால் வீசப்பட்டுக் கிளச்சுத் தட்டிற் படிந்து அதனை வழுக்கச் செய்யும். பற்களின் விளிம்பு கத்திமுனை போலக் கூர்ந்திருந்தால் கிறீஸ் உதவாது. தண்டையும் தட்டையும் மாற்றியே ஆகவேண்டும். அச்செலவு, பழைய வண்டியொன்றின் விலைக்கு அண்மையாகவும் வந்துவிடலாம். நல்ல எஞ்சினையுடைய பல வண்டிகள் கொட்டிலுக்குள் முடங்கியது இக்கணக்கினாலேயே. ஒரு சிறங்கை கிறீஸும் ஒரு நாள் உழைப்பும் அவற்றைக் காத்திருக்கும்.

பின் சில்லின் அருகேயுள்ள பற்சக்கரக் கூட்டுக்குக் கால் லிட்டர் அளவான தடித்த எண்ணெயே தேவை. அதனை வடிக்கும்போது, எண்ணெயில் உருக்குத் துணுக்குகள் உண்டா என்று பார்த்தல் வேண்டும். மெல்லிய சாம்பர் போன்ற பசை இயல்பானது. விரலில் உறுத்தும் செதில்கள் தென்பட்டால் தாங்கி வளையம் சிதையத் தொடங்கிவிட்டது என்பது பொருள். அவ்வண்டியைத் தூரப் பயணத்துக்கு எடுத்தலாகாது.

பிறேக்கின் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய திரவம் நெடிய இறக்கங்களிற் கொதித்துப் பிறேக்கை வலுவிழக்கச் செய்வதோடு, வழுக்கலைத் தடுக்கும் சாதனத்தின் நுண்ணிய உட்பாகங்களையும் அரித்துவிடும். ஆகவே ஆண்டுக்கொருமுறை அதனை மாற்றுதல் நன்று. அச்சாதனம் பற்றரியின் வலுவையும் பெரிதும் நம்பியுள்ளது. எஞ்சினை இயக்கும்போது மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தால், சாதனம் தன்னைப் பழுதுற்றதாகக் கருதி எச்சரிக்கை விளக்கை மினுக்கும். விலையுயர்ந்த சாதனத்தை மாற்றுமுன் பற்றரியையும், அதன் கம்பிகள் சட்டத்தைத் தொடும் இடங்களையும் துப்புரவு செய்து பார்ப்பது விவேகமாகும்.

நெடுநாள் நிறுத்தி வைத்த வண்டிக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. இயக்கும் மோட்டாரையும் எஞ்சினையும் பிணைக்கும் ஒருவழிக் கிளச்சு, பழைய எண்ணெய் பிசினாகித் தடித்துவிட்டதனாற் பற்ற மறுக்கும். மோட்டார் கிறுகிறுவெனச் சுற்றும், எஞ்சின் அசையாது. நல்ல எண்ணெயிட்டு, அடிக்கடி ஓட்டி, எண்ணெயை உரிய காலத்தில் மாற்றிவந்தால் பெரும்பாலும் இத்தொல்லை நீங்கும். சும்மா நிற்பதால் வண்டி இளைப்பாறுகின்றது என்று கருதுவது பிழை. நிற்கும் வண்டி மூப்படைகின்றது.

இவ்வெஞ்சினின் பிற்கால வரலாறும் சுவையானது. பழைய ஈருருளை வண்டியை ஒழித்து அதன் இடத்தைப் பிடிப்பதற்கென்றே கே 100 பிறந்தது. ஆனால் பழையதை விரும்பியோர் விடவில்லை. ஒழிக்கப்படவிருந்த பெரிய ஈருருளை வண்டி 1986இல் மீண்டும் விற்பனைக்கு வந்தது. 1993இல் முற்றிலும் புதுப்பிக்கப்பட்ட வடிவையும் பெற்றது. படுத்த எஞ்சினோ 1992இல் 1100 என்றும், பின்னர் 1200 என்றும் வளர்ந்து, இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டோடு தயாரிப்பிலிருந்து மறைந்தது. 2004இல் அந்நிறுவனமே நான்கு உருளைகளைக் குறுக்கே வைத்த எஞ்சினை வெளியிட்டது. முன்னர் விலக்கிய வழிக்கு அது இறுதியிற் சென்றது என்றாலும், இடையிலே அந்நிறுவனம் நிலைத்து நின்றதிற் படுத்த எஞ்சினுக்கும் பெரும் பங்குண்டு.

இன்று இத்தகைய வண்டியொன்றை வாங்க முற்படுபவர், எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று மாத்திரம் வினவுதல் போதாது. மிகுதூரம் ஓடியும் திடமாக இருக்கும் எஞ்சின்கள் இவற்றில் ஏராளம். கியர்ப் பெட்டியைக் கழற்றிப் பற்களுக்குக் கிறீஸ் பூசியது எப்போது, அதனைச் செய்தவர் யார், இறப்பர்க் குழாய்கள் எப்போது மாற்றப்பட்டன, பிறேக்கின் திரவம் எவ்வளவு பழையது என்னும் நான்கு வினாக்களை அவர் கேட்டல் வேண்டும். விடை தெளிவாக வருமாயின், காலையில் எழும் புகையைக் கண்டு அவர் அஞ்ச வேண்டுவதில்லை. விடை வராதாயின், வண்டி எவ்வளவு பளபளப்பாக இருப்பினும், முதற் பயணத்துக்கு முன்னர் கியர்ப் பெட்டியைக் கழற்றிப் பார்ப்பதற்கு ஒரு நாளை ஒதுக்கிக்கொள்வது அவருடைய பணத்துக்கும் உயிருக்கும் காப்பாகும்.